அம்மாவுக்குச் சிரிப்பு வந்த தேர்வு

முதுகில் இல்லாத கூடை. விரல் நுனியில் இல்லாத கொழுந்து. எதிரே மட்டும் நிஜமான மூன்று தேர்வாளர்கள். அவர்களுக்குப் பின்னால் மாணவர்களும் பெற்றோர்களுமாக ஓர் அறுபது பேர் தரையிலும் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார்கள். தரை கறுப்பு, சுவர் கறுப்பு, திரையும் கறுப்பு. நடுவில் நான் வெறுங்காலோடு நின்று, ஒரு தேயிலைச் செடியை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தேன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கொழுந்தைத் தொடுகிற இடத்தில் மூச்சை இழுத்தேன். கிள்ளும்போது விட்டேன். தோளுக்கு மேல் கையைக் கொண்டுபோய்க் கூடையில் போட்டேன். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துவிட்டு, தூரத்து மலையை ஒருமுறை பார்த்தேன். முதல் வரிசையில் ஒரு தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல் முதலில் மூக்கு வழியாக வந்து, பிறகு வாய் வழியாகவும் வந்துவிட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் பிறந்ததிலிருந்து அறிவேன். அது என் அம்மாவுடையது.

பத்து நிமிடம், பேச்சு கிடையாது

அது என்ன தேர்வு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் இந்தப் பகுதியில் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, ‘சாப்பிட்ட கதை போதும், அங்கே என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்?’ என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி.

தலைநகரில் இருக்கிற தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டு டிப்ளோமா படித்தேன். முதலாண்டில் எல்லோருக்கும் எல்லாப் பாடமும் உண்டு. காலை ஏழரைக்குச் சீலாட். அது மலாய்த் தற்காப்புக் கலை. சண்டை போடுவதற்காகச் சொல்லித் தரவில்லை, இடுப்பும் முட்டியும் சொன்ன பேச்சைக் கேட்பதற்காக. அது முடிந்ததும் மூச்சுப் பயிற்சி. அதற்கப்புறம் நடை.

நடை என்றால் வெறும் நடைதான். நான்கு மாதம் அந்தக் கறுப்புத் தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தோம். கிழவியாக, கர்ப்பிணியாக, கடன்காரனைப் பார்த்தவனாக, செருப்பு அறுந்தவளாக நடந்தோம். வசனம் என்று ஒரு வரிகூடக் கையில் கொடுக்கவில்லை. அப்பாவிடம் போனில் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“நடக்கறதுக்கா கோலாலம்பூரு போன? ஏன், இங்க நடக்க எடமில்லையா லா?”

அப்பா காய்கறி லோரி ஓட்டுபவர். எங்கள் மலையில் இருக்கிற கியா பார்ம் என்ற ஊரில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றி, தலைநகரில் இறக்கிவிட்டுத் திரும்புவார். அவரைப் பொறுத்தவரை படிப்பு என்றால் புத்தகம் இருக்க வேண்டும். மதியத்தில் நாங்கள் விளக்குகளை ஏணியில் ஏறி மாட்டினோம், உடை தைத்தோம், கூடத்தைப் பெருக்கினோம் என்று கேள்விப்பட்டதும், “கூட்றதுக்கு டிப்ளோமாவா?” என்று கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

முதலாண்டு முடிவில் ஆட்களைப் பிரிப்பார்கள். ஒரு பக்கம் நடிப்பு, மறுபக்கம் மேடைக்குப் பின்னால் இருக்கிற ஒளி, உடை, அரங்க வேலைகள். பின்பக்கம் போனவர்கள் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. என் வகுப்பில் அப்படிப் போனவர்களுக்கு இன்று மூச்சு விட நேரமில்லை. நான்தான் பள்ளிக்கூடங்களுக்கு நாடகம் கொண்டுபோகிற குழுவில் இருந்துகொண்டு, இடையிடையே டிவி தொடரில் யாருக்காவது அக்காவாக வந்து போகிறேன். ஆனால் அப்போது எனக்கு நடிப்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம். அதற்காகத்தான் மலையிலிருந்து இறங்கினேன்.

அந்தப் பிரிவுக்குள் போக ஒரே ஒரு வழிதான் இருந்தது. வேலை செய்கிற ஓர் ஆளை இரண்டு வாரம் கூடவே இருந்து பார்க்க வேண்டும். பார்த்ததைத் தினமும் நோட்டில் எழுத வேண்டும். பிறகு மேடையில் தனியாக, பத்து நிமிடம், பேசாமல், கையில் ஒரு பொருளும் இல்லாமல் அந்த ஆளாக இருந்து காட்ட வேண்டும். தேறாவிட்டால் நடிப்புப் பிரிவு கிடையாது.

யாரைப் பார்ப்பது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒருத்தன் மீன் சந்தைக்குப் போனான், ஒருத்தி முடி வெட்டுகிற கடையில் பழியாய்க் கிடந்தாள். எனக்கு அந்தக் கவலையே இல்லை. என் அம்மா ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதற்கெல்லாம் நோட்டுப் புத்தகம் எதற்கு என்று நினைத்தேன்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். இரண்டு வாரமும் போர்வைக்குள் கிடந்து போன் பார்த்தேன். அம்மா விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். நான் எழும்போது அடுப்பில் மூடி வைத்த சோறு இருக்கும். பதினான்கு நாள் குறிப்பையும் திரும்பி வருகிற பஸ்ஸில், தாப்பா மலை இறக்கத்து வளைவுகளில் வாந்தியை அடக்கிக்கொண்டு எழுதி முடித்தேன்.

வாடகைக் கூடை

பார்க்காமலே எப்படி அவ்வளவு அழகாகச் செய்தாய் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

பள்ளியில் கடைசி வருடம், ஐந்தாம் படிவம் படிக்கும்போது வார இறுதிகளில் கியா பார்மில் ஒரு கடையில் வேலை செய்தேன். அப்பா லோரியில் சரக்கு ஏற்றப் போகும்போது என்னை இறக்கிவிடுவார். கடையில் ஸ்ட்ராபெரி, தேன், சோளம், பஞ்சு அடைத்த கள்ளிச்செடி பொம்மை எல்லாம் விற்றோம். ஆனால் கூட்டம் அம்மியது வேறொன்றுக்கு. கடைக்குப் பின்னால் இருபது முப்பது தேயிலைச் செடிகள் இருந்தன. பிரம்புக் கூடை, கட்டம் போட்ட சேலைத் துணி, வைக்கோல் தொப்பி எல்லாவற்றையும் வாடகைக்குக் கொடுப்போம். வந்தவர்கள் அதை மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள்.

அவர்களுக்குக் கொழுந்து கிள்ளுவதுபோல நிற்கச் சொல்லித் தருவது என் வேலை. “கையை இப்படி வையுங்கள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலில் தெரிகிற மாதிரி. இப்போது தூரத்து மலையைப் பாருங்கள்.” சிங்கப்பூர்க்காரர், சீனத்துக்காரர், அரபு தேசத்துப் புதுமணத் தம்பதிகள் என்று எத்தனையோ பேரை அப்படி நிற்க வைத்திருக்கிறேன். ஒரு ஜப்பானியத் தாத்தா நான் சொன்னதைவிட நன்றாகச் செய்தார்.

அந்தக் கடையில் இருந்த தேயிலைத் தகர டின்னிலும், ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்த வில்லையிலும், டவுனில் சுவர் முழுக்க வரைந்திருக்கிற ஓவியத்திலும் அதே பெண்தான் இருந்தாள். முதுகில் கூடை, நெற்றியில் பொட்டு, உதட்டில் சோகமான ஒரு புன்னகை. நான் மேடையில் செய்து காட்டியது அவளைத்தான். அந்த மூன்று தேர்வாளர்களும் தேயிலைத் தோட்டம் என்றால் அவளைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. எதிர்பார்த்ததைக் கொடுத்தேன். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணையே துடைத்தார்.

எங்கள் தோட்டத்தில் கையால் கொழுந்து கிள்ளுகிற பழக்கம் நான் பிறப்பதற்கு வெகு முன்பே போய்விட்டது. இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்தும் அந்த மேடையில் நிற்கும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை. இன்றுவரை எனக்கே புரியாத விஷயம் இது.

சிகு கேட்ட கேள்வி

ஆசிரியரை நாங்கள் சிகு என்போம். எங்கள் நடிப்பு ஆசிரியை சிகு ரொஹானி, கிளந்தான் மாநிலத்துக்காரர். குரல் உயர்த்தாமல் பேசுவார், அதனாலேயே பயமாக இருக்கும். ஒவ்வொரு தனிநடிப்பும் முடிந்ததும் பார்த்தவர்களில் ஒருவரை எழுப்பி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்பது அவர் வழக்கம். அன்றைக்குக் கைதட்டல் அடங்கியதும் அவர் கண் நேராக மூன்றாவது வரிசைக்குப் போனது.

அம்மா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவின் லோரியில் வந்திருந்தாள். அப்பா சரக்கு இறக்கப் போய்விட்டார். கூடத்தில் ஏர்கண்டிஷன் குளிரும் என்று நான் சொன்னதால் சேலைக்கு மேல் மலையில் போடுகிற தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“மக்சிக், ஏன் சிரித்தீர்கள்?” என்று சிகு, அத்தை முறை வைத்து மலாயில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அம்மா எழுந்து நின்றாள். அவள் மலாய், தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடமும் கடைத்தெருவிலும் பேசிப் பழகிய மலாய். “இத்து சாலா லா, சிகு. கீத்தா பாக்காய் மெசின்” என்றாள். அது தப்பு, நாங்கள் மெஷின் வைத்துத்தான் வெட்டுகிறோம் என்று அர்த்தம்.

கூடத்தில் நான்கைந்து பேர் சிரித்தார்கள். சிகு சிரிக்கவில்லை. கூடை எப்போது சுமந்தீர்கள் என்று கேட்டார். அம்மா யோசித்தாள். வேலைக்குச் சேர்ந்தபோதே பெரிய கத்திரிதான், பிறகு மெஷின் வந்துவிட்டது, கையால் கிள்ளியதே இல்லை என்றாள். ஒரு தகவல் கேட்டவர்களுக்கு உதவி செய்கிற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

சிகு என் நோட்டை வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்திலேயே, ‘அம்மா விடியற்காலையில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்’ என்று என் கையெழுத்தில் இருந்தது. நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

“மூன்று வாரம் தருகிறேன். இன்னொரு தடவை செய். இந்தத் தடவையாவது பார்த்துவிட்டுச் செய்.”

இரண்டாவது தடவையும் தேறாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

பஸ் நிலையத்தில்

அப்பாவின் லோரி திரும்ப ராத்திரி ஆகும் என்பதால் அம்மாவை பஸ் ஏற்றிவிடப் போனேன். வழியெல்லாம் அவளுக்கு முன்னால் வேகமாக நடந்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் அம்மா பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் இருந்தன.

“காலையில இருந்து ஒண்ணும் சாப்டல நீ. மொதல்ல பசியாறு.”

அதற்குத்தான் காத்திருந்தேன் போல. “ஒன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னா?” என்றேன்.

“அந்தம்மா கேட்டாங்க, சொன்னேன்.”

“கேட்டா? நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு ஒக்கார வேண்டியதுதான? எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்க. நீ ஒருத்திதான் சிரிச்ச. என் படிப்பே போச்சு, தெரியுமா?”

அம்மா என்னையே பார்த்தாள். “போச்சா? நான் சொன்னதாலயா?”

“பின்ன?”

பின்ன என்ற அந்த ஒரு சொல்லை இன்றுகூட எடுத்துவிட முடிந்தால் எடுத்துவிடுவேன். இரண்டு வாரம் போர்வைக்குள் கிடந்தவள் நான். நோட்டில் பொய் எழுதியவளும் நான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. பழியை அவள் மடியில் போட்டுவிட்டேன்.

அம்மா டப்பாவை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு தடவை அழுத்தினாள். “நீ நல்லாத்தான் பண்ண புவனா” என்றாள். “வெரலு எல்லாம் அழகா இருந்துச்சு. வாசல்ல குடுத்த பேப்பர்ல அது நான்னு போட்டிருந்தீங்களே, அதான் சிரிப்பு வந்துருச்சு.”

பஸ் வந்தது. டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டு ஏறிப்போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள். நான் ஆட்டவில்லை.

பையின் வால்

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் வேறு வழியில்லாமல்தான் போனேன்.

தோட்டத்து ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணியிடம் அம்மாவே பேசி, பள்ளிக்கூட வேலையாக மகள் ஒரு வாரம் கூட வருவாள் என்று அனுமதி வாங்கி வைத்திருந்தாள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் இடத்தில் நானும் ரப்பர் பூட்ஸோடு நின்றேன். பனி இறங்கிக் கண்ணிமையெல்லாம் ஈரமாக இருந்தது. முன்பு அங்கே நிற்பவர்கள் எல்லோரும் எங்களுக்கு அத்தை, மாமா முறையாக இருப்பார்கள். இப்போது பாதிப் பேருக்கு மேல் வங்காளதேசத்துக்காரர்கள். தமிழ் முகம் எண்ணி ஏழெட்டு இருந்தது.

அம்மாவின் மெஷின் ஜோடி ஜமால். முப்பது வயதிருக்கும். ஊரில் மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறார்கள். அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அம்மாவிடமே கற்றுக்கொண்ட ஒரு தமிழ் அவரிடம் இருந்தது.

கொழுந்து வெட்டுகிற மெஷினைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆள் நீளத்துக்கும் அதிகமான ஒரு வளைந்த கத்தி, அதன் மேல் எஞ்சின், பின்னால் தொங்கும் ஒரு நீளத் துணிப் பை. செடி வரிசையின் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கத்தி செடியின் தலையை மட்டும் சீவும். காற்று ஊதி, வெட்டின இலை பைக்குள் போகும். பை நிறைய நிறைய இழுக்கும். அதன் வாலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஒருவர் வர வேண்டும். முதல் மூன்று நாள் எனக்கு அந்த வால்தான் கிடைத்தது.

வாலைப் பிடித்துக்கொண்டு நடந்ததில் என் அம்மாவின் முதுகை முதல்முறையாக நாள் முழுக்கப் பார்த்தேன். டின்னில் இருக்கிற பெண்ணின் சாயல் ஒரு துளி இல்லை. சிலுவார் என்று நாங்கள் சொல்கிற, ஆண்கள் போடுகிற முழுக்கால் சட்டை, அதற்கு மேல் பிளாஸ்டிக் ஏப்ரன், தலையில் துண்டு, காதை மூடும் கவசம். அவள் தூரத்து மலையைப் பார்க்கவே இல்லை. கண் மொத்தமும் கத்தியின் மேலும், எதிர்ப்பக்கம் நடக்கிற ஜமாலின் தோள் மேலும்தான் இருந்தது.

எஞ்சின் சத்தத்தில் பேச்சுக்கு வழியில்லை. அம்மா முகவாயை லேசாகத் தூக்கினால் ஜமால் கையைத் தூக்குவார். சரிவில் கீழ்ப்பக்கம் நடப்பவருக்குக் கனம் கூடும். அப்போது மேல்பக்கம் இருப்பவர் நடையைக் குறைப்பார். வரிசை முடிந்து திரும்பும்போது இரண்டு பேரும் எதுவும் சொல்லாமல் மேலும் கீழும் இடம் மாற்றிக்கொள்வார்கள். கனமான பக்கம் எப்போதும் ஒருவரிடமே இருப்பதில்லை.

ஓய்வு நேரத்தில் பிளாஸ்கைத் திறந்து பால் சேர்க்காத தே ஓ ஊற்றிக்கொண்டார்கள். அம்மா விரல்களை மடக்கி நீட்டினாள். கையில் எஞ்சின் அதிர்வு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் தேநீர்க் குவளை நடுங்கியது. நான் அன்றைக்கு நோட்டில் எட்டுப் பக்கம் எழுதினேன்.

மண்டோரின் திட்டு

நான்காம் நாள் எனக்கு ஆசை வந்துவிட்டது. மண்டோர் வேறு பக்கம் போயிருந்தார். “ஒரே ஒரு வரிசைம்மா, நான் புடிக்கறேன்” என்று கெஞ்சினேன். அம்மா வேண்டாம் என்றாள். பிறகு, தேர்வு என்ற சொல்லை நான் எடுத்ததும் பேசாமல் கைப்பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு வாலுக்குப் போனாள்.

பத்தடி கூடப் போகவில்லை. சரிவு வந்தது. என் பக்கம் கனத்ததும், பயத்தில் முழுப் பலத்தையும் போட்டு என்னை நோக்கி இழுத்தேன். மறுபக்கம் ஒருவர் இருக்கிறார் என்பதே மறந்துபோனது. ஜமால் தடுமாறிக் காலை ஊன்றினார். கத்தி சாய்ந்து நான்கைந்து செடிகளின் தலைக்குள் ஆழமாக இறங்கியது. பச்சை போய், வெறும் குச்சி தெரிந்தது. அந்த இடத்தில் மறுபடியும் கொழுந்து வரப் பல வாரம் ஆகும்.

ஜமால் எஞ்சினை நிறுத்தினார். அவர் கால் பூட்ஸுக்கும் கத்திக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. அவருக்கு வேர்த்துவிட்டது. ஆனால் திட்டவில்லை.

“தங்கச்சி, நீ ஒத்தை ஆளு மாதிரி தூக்குது” என்றார். “நானும் இருக்கு லா.”

சத்தம் நின்றதுமே மண்டோர் வந்துவிட்டார். வெட்டுப்பட்ட செடியைப் பார்த்ததும் மலையே அதிர்கிற மாதிரி கத்தினார். “யாரு வேல இது? சரசு, யாரு புடிச்சா?”

“நாந்தாண்ணே” என்றாள் அம்மா. “கை தவறிருச்சு.”

“இத்தன வருசமா தவறாத கை இன்னிக்கு எப்படித் தவறுது? மக வந்துட்டான்னு பராக்குப் பாத்துக்கிட்டு இருந்தியா?”

“ஆமாண்ணே. தப்புதான்.”

எல்லோர் முன்னாலும் அவளை நிற்க வைத்துத் திட்டினார். வேறு வரிசைகளில் இருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அவள் முகவாயை லேசாக அசைத்தாள். பேசாதே என்று அர்த்தம்.

மண்டோர் போனபிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா பொய் சொன்ன?” என்றேன்.

அம்மா காதுக் கவசத்தை எடுத்து மாட்டப் போனவள் நிறுத்தினாள். “அங்க வாயத் தொறந்தேன், நீ தோத்துட்ட. இங்கயாச்சும் மூடிக்கிட்டு இருப்பமேன்னுதான்.”

நான் அழுதுவிட்டேன். நாடகப் பள்ளியில் கண்ணீர் வரவழைக்கவும் ஒரு பாடம் உண்டு, மூச்சை எங்கே நிறுத்த வேண்டும், எதை நினைக்க வேண்டும் என்றெல்லாம். அது ஒன்றும் அப்போது தேவைப்படவில்லை. “நான் தோத்ததுக்கு நீ காரணம் இல்லம்மா. நான் ஒன்னப் பாக்கவே இல்ல. அந்த ரெண்டு வாரமும் தூங்கிட்டு நோட்ல பொய் எழுதுனேன்” என்றேன்.

“தெரியும்” என்றாள் அம்மா. “நீ எழுந்திரிக்கறதே பதினோரு மணிக்கு. எப்படிப் பாத்திருப்ப?”

பஸ் நிலையத்தில் அவளுக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்தும் பழியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறாள். எனக்கு என்மேலேயே வந்த வெறுப்பைச் சொல்லி மாளாது. மீதி நாட்களில் வாலை விட்டு நகரவில்லை.

பெஞ்சும் ஃபராவும்

விடுதிக்குத் திரும்பியதும் சிக்கல் ஆரம்பித்தது. தேர்வு தனியாள் தேர்வு. மெஷினோ இரண்டு ஆள் மெஷின். இரண்டாவது ஆளை மேடையில் ஏற்ற முடியாது. அவர் அங்கே இருப்பது தெரியாவிட்டால் நான் காற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பைத்தியமாகத்தான் தெரிவேன்.

என் அறைத் தோழி ஃபரா அதற்குள் நடிப்புப் பிரிவுக்குத் தேறிவிட்டவள். அவளைப் பிடித்துக்கொண்டேன். கூடத்து நீளப் பெஞ்சை இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் தூக்கிக்கொண்டு நடந்தோம். பேசக்கூடாது. முகவாய் மட்டும். முதல் நாள் என் காலில் பெஞ்சைப் போட்டாள். பிறகு பழகிவிட்டது. சில நாள் கழித்துப் பெஞ்சை வைத்துவிட்டு, பெஞ்சு இருப்பதாகவே இரண்டு பேரும் நடந்தோம். கடைசி நாட்களில் அவளையும் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டேன்.

வெறும் காற்றில் கனத்தை வைத்துக்கொள்வது நிஜக் கனத்தைத் தூக்குவதைவிடக் கஷ்டம். கையிலிருந்து தோள், முதுகு, தொடை வரை ஒவ்வொரு தசையையும் நாமே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் விட்டால் மெஷின் காணாமல் போய்விடும். பத்து நிமிடம் முடிந்ததும் சட்டை பொத்தானைக் கழற்ற விரல் ஒத்துழைக்காது.

தேர்வுக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். கொழுந்து நிறைய இறங்குகிற நேரம், லீவு கிடையாது என்றாள். பிறகு, “நான் வந்தா வாய் சும்மா இருக்காது. வேணாம்” என்றாள். அப்பா வருவதாகச் சொன்னார். அன்றைக்குப் பார்த்து லோரி பழுதாகித் தாப்பாவில் நின்றுவிட்டது.

கறுப்புத் தரையில் நின்று கைப்பிடியைப் பிடித்தேன். எதிரே ஜமாலின் தோளைப் பார்த்தேன். முகவாயைத் தூக்கினேன், நடந்தோம். சரிவில் என் பக்கம் கனத்தது. இழுக்கவில்லை. அவர் நடையைக் குறைப்பதற்குக் காத்திருந்தேன். குறைத்தார். வரிசை முடிந்ததும் இடம் மாற்றிக்கொண்டோம். மூன்றாவது செடி வரிசையில் என் முட்டி நடுங்க ஆரம்பித்தது, நான் நடுங்கவைக்கவில்லை.

முடிந்ததும் யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. ஒரு தேர்வாளர் மட்டும், எதிர்ப்பக்கம் இருந்தவர் உயரமானவரா என்று கேட்டார். என்னைவிட ஒரு சாண் உயரம் என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். சிகு ரொஹானி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நடிப்புப் பிரிவு கிடைத்துவிட்டது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவுக்கு போன் போட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

“பாஸாயிட்டேன்ம்மா.”

“பாஸா? நெசமாவா?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் யாரிடமோ, “பாஸாயிட்டாளாம்” என்று சத்தமாகச் சொன்னாள். ஜமாலின் குரல் ஏதோ சொல்லிச் சிரித்தது. பிறகு அம்மா போனுக்குத் திரும்பினாள்.

“மெஷினுதான் செஞ்சியா?”

“மெஷினுதான்.”

“அந்தப் பக்கம் யாரு புடிச்சா?”

“யாரும் இல்லம்மா. தனியாத்தான் செய்யணும். ஆளு இருக்கற மாதிரி நானே செஞ்சேன்.”

“அந்தப் பக்கம் ஆளே இல்ல” என்று அம்மா தனக்குள் சொல்லிப் பார்த்தாள். கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது.

“அப்ப கனம் பூரா நீயேதான சொமந்திருப்ப?” என்றாள். “கை ரொம்ப வலிக்குதா கண்ணு?”

வலித்தது. தோளிலிருந்து விரல் வரைக்கும் வலித்தது, போனைக் காதில் வைத்திருக்கவே முடியவில்லை. அந்தக் கட்டடத்தில் அத்தனை பேர் இருந்தும் அதை யாரும் கேட்கவில்லை. ஆமாம்மா, ரொம்ப வலிக்குது என்றேன்.

“வெந்நியில உப்புப் போட்டு கைய வையி” என்றாள் அம்மா. “எனக்கு அதுலதான் கேக்கும்.”